பாட்டுக்காரி நிற்க வேண்டிய இடம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய சாதனை, பாட்டுக்காரி ஹாலில் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று கண்டுபிடித்ததுதான். அதைச் சாதித்த மகான், வரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இரண்டு ஸ்பீக்கர்கள், எதிரே ஒரே ஒரு நாற்காலி. மேற்படி நாற்காலியில் அமர்ந்து, பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினால் பாட்டுக்காரி இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்பாள். வயலின்காரர் அவளுக்கு வலப்பக்கம். டிரம்ஸ்காரர் சுவருக்கு அப்பால், அடுத்த வீட்டுக் குளியலறையில்.

இந்த 'ஒலிமேடை'க்காக அவர் செய்த தியாகங்கள் கொஞ்சமல்ல. கண்ணாடி அலமாரி போயிற்று. சாப்பாட்டு மேஜை போயிற்று. மனைவி சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டாள். அப்பாவை மட்டும் அவர் விடவில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவரை வலது மூலையில் உட்காரவைத்து, கொளுத்தும் வெயில் காலத்திலும் தன் கையாலேயே இரண்டு கம்பளி போர்த்திவிட்டார். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று எதிர்வீட்டம்மா மெச்சினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள்.

"அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேண்ணா. இங்க பேச்சுத்துணைகூட இல்லாம வாடிப்போயிட்டாரு."

கண்காணிப்பாளர் பதறிப்போனார். "அப்பா இல்லாம இந்த ரூம் ரூமாவே இருக்காதும்மா."

குரல் தழுதழுத்தது. நடிப்பே இல்லை. தங்கைக்குக் கண் கலங்கியது. அப்பாவும் நெகிழ்ந்துபோனார்.

"சரிப்பா, இங்கேயே இருக்கேன். நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கம் போட்டுக்கறேன். ரோட்டைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

"ஜன்னல் பக்கமா? நீங்க ஒரு முழம் நகர்ந்தாலே அவ ஸ்பீக்கருக்குள்ள போயிடுவாப்பா."

"யாரு?"

"பாட்டுக்காரிதான். உங்க உடம்பும் கம்பளியும் சேர்ந்து மூலையில எதிரொலியைக் குடிச்சிடுது. சவுண்டு நிபுணரே வந்து சோதிச்சுப் பாத்துட்டாரு. நீங்க பாத்ரூம் போனாக்கூட மேடை சரிஞ்சிடுது."

சமையலறை வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "உங்களுக்குக் குளிருமேன்னா கம்பளி போத்தினாருன்னு நினைச்சீங்க, மாமா?"

அப்பா கம்பளிகளை ஒவ்வொன்றாக மடித்து நாற்காலிமேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாம்மா, போலாம்."

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குக் கண்காணிப்பாளரிடமிருந்து போன் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்து அவள் அவசரமாக அப்பாவிடம் கொடுத்தாள்.

"அப்பா, உங்க எடை எவ்வளவு?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் முக்குத் திரும்புவதைப் பார்த்தபடியே அப்பா எடையைச் சொன்னார்.

அதே எடைக்குத் தைத்த பஞ்சு மெத்தை இப்போது அந்த மூலையில் சாய்ந்திருக்கிறது. பாட்டுக்காரி நட்டநடுவுக்குத் திரும்பிவிட்டாள். மெத்தை இருமுவதில்லை, ரோட்டைப் பார்க்கவேண்டும் என்று கேட்பதில்லை. கண்காணிப்பாளர் தினமும் தன் கையாலேயே அதற்கு இரண்டு கம்பளி போர்த்திவிடுகிறார்.

பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.