மோட்டாருக்குக் கம்பளி போர்த்திய அப்பா

மோட்டாருக்குக் குளிரும் என்று நம்புகிறவருக்கு மகளாகப் பிறந்துவிட்டு, இயற்பியலில் முதுகலை படித்து என்ன பயன்?

மன்னவனூரில் பனி இறங்கியதும் அப்பா நாச்சிமுத்து, கேரட் கழுவும் மெஷினின் மோட்டாருக்குக் கம்பளி சுற்றிவிட்டார். ஓடும்போதும் கழற்றுவதில்லை. எங்கள் ஊர் வோல்டேஜ் ஏற்கெனவே சவலை. போதாததற்கு மெஷின் தாங்காத அளவுக்குக் கேரட்டைக் கொட்டுவார். ஸ்டார்ட்டர் படக்கென்று விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும்.

மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் கருகாமல் காப்பாற்றத்தான் அது விழுகிறது என்று தொண்டை வற்ற வாதாடினேன். படம் போட்டும் காட்டினேன்.

"ஏத்தா, அது பயந்தாங்கொள்ளி ஸ்டார்ட்டரு. நான் வழிக்குக் கொண்டாரேன்" என்றவர், அது விழவே முடியாதபடி ஒரு குச்சியைச் சொருகினார். அக்கிரமம்!

அம்மா முருகேஸ்வரி தன் பாட்டுக்குக் கேரட் தழையை அறுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

அன்று சாயங்காலம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லாரி. பாதிக் கேரட் மண்ணோடு கிடக்க, கம்பளி தீயும் வாடை வந்தது. மோட்டார் முனகி நின்றது. தொட்டுப் பார்த்த அப்பா கையை உதறினார். லாரியை விட்டால் அந்தப் போகமே போச்சு.

"எரிஞ்சுபோச்சு முருகு" என்றார்.

அம்மா மெயினை அணைத்தாள். குச்சியைப் பிடுங்கி, கம்பளியை உருவி எறிந்தாள்.

"ஓடவச்சா என்ன தருவீங்க?"

"என்ன கேட்டாலும்."

"மோட்டார் ரூம் சாவி. என்னையக் கேக்காம சுவிட்சுல கைவைக்க மாட்டேன்னு பழனியாண்டவர் மேல சத்தியம்."

எரிந்த மோட்டாருக்குச் சாவி எதற்கு என்ற தைரியத்தில், அப்பா பழனி இருக்கும் திசையைக் கும்பிட்டுச் சத்தியம் செய்தார்.

அம்மா நிதானமாகக் காபி போட்டுக் கொடுத்தாள். மோட்டார் ஆறட்டும் என்று காத்திருந்து, மெயினைப் போட்டு, பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

ஓடியது.

அப்பா வாயை மூட மறந்தார்.

"போன தடவ காயில் கருகி மாத்திக் கட்டுனப்பவே, சூடானா தானா நிக்கிற சுவிட்சு ஒண்ண உள்ள வச்சுக் கட்டச் சொல்லிட்டேன். ஆறுனா திரும்ப ஓடும். வெளிய வச்சா நீங்க குச்சி சொருகுவீங்கள்ல?" என்றாள் அம்மா.

என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று பொங்கினேன்.

"நீ வாதாடி ஜெயிக்கணும்னு அவருகிட்டயே ஒளறிருவ" என்றாள்.

லாரி நேரத்துக்குக் கிளம்பியது. மறுநாள் வெள்ளனே அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். சாவி வேண்டுமென்று அம்மாவிடம் சொல்லச் சொல்லி என்னிடம் முணுமுணுத்தார்.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் என்னிடம் சொன்னாள்: "எதுக்கு, எம்புட்டு நேரத்துக்குன்னு கேளு."