பிராசஸர் போச்சு

மூன்றாவது முறையும் பொத்தானை அமுக்கிப் பார்த்தாயிற்று. உள்ளே காற்றாடி சுற்றியது, முன்னால் பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் அடுப்புக்கரி மாதிரிக் கிடந்தது.

அருள்பிரகாசம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பிராசஸர் போச்சு."

பத்து விநாடிகூட ஆகவில்லை. டாக்டர் நாடியைப் பிடிக்கவாவது கையைத் தொடுவார். இவர் தொடவும் இல்லை.

துறைமுகக் கிடங்கில் அவருக்குக் குமாஸ்தா உத்தியோகம். ராயபுரத்தில் அவர் இருந்த சந்தில் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டிய முதல் ஆள் அவர்தான். பூட்டி மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதமாக அவர் யாரையும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கடையில் பூட்டிக் கொடுத்ததை வாங்குகிறவன் எல்லாம் அவர் அகராதியில் ஊட்டிவிட்டால் தின்கிற பிள்ளை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியை வாரம் ஒருமுறை பிரித்து, இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று இரண்டு நாள் ஓடாமல் செய்வதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அந்தப் பெட்டியில் உருப்படியான வேலை பார்த்தவள் அவர் மனைவி ரோசிதான். காசிமேட்டு மீனவர் சங்கத்துக்காக நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலை அவள் அடித்துக்கொண்டிருந்தாள். பெயர், தகப்பன் பெயர், படகு எண். வெள்ளிக்கிழமை கொடுத்தால்தான் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் அடையாள அட்டை வரும். அட்டை இல்லாதவனைக் கடலில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், படகைக் கரைக்குத் திருப்புவார்கள். பட்டியலில் ரோசியின் கூடப்பிறந்த அண்ணன் பெயரும் இருந்தது.

திங்கட்கிழமை சாயந்திரம், வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டே அவள் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம லிஸ்டு குடுக்கணுமே. இன்னா பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ணாத. அதான் இப்போ பெரிய ஒத்தாச. கை மட்டும் வெச்சிடாத."

சரி என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்றதில்லை. தன் ஞானத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு ஜெரி துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவன், முதலில் மெமரியைக் கழற்றித் துடைத்துப் போடு, அப்புறம் மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார், பிராசஸர் கடைசியில்தான் சாகும் என்றான். இருபது வருடமாகத் துருப்பிடித்த கிரேன்களுக்கு உயிர் கொடுக்கிற ஆள் அவன். அருள்பிரகாசம் அவனைக் கொசுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கிரேனுக்குக் கொக்கிதான் உண்டு, மூளை கிடையாது, அதனால் அதற்கு ஏற்ற வைத்தியர்தான் கிடைப்பார் என்றார். ஜெரி சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தார். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. போன வாரம் பிரித்த பெட்டியில் இவ்வளவா என்று ஒரு நிமிடம் திகைத்தார். ஒரே நிமிடம்தான். துறைமுகத்து நிலக்கரித் தூசி என்று அதற்கும் தீர்ப்பு எழுதி மூடினார். பிராசஸர் மேல் உட்கார்ந்திருந்த காற்றாடி கழன்று வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். வழுக்கிப்போய், கீழே இருந்த போர்டில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அதை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, காற்றாடியை விடுவித்து, அடியில் இருந்த பிராசஸரை வெளிச்சத்தில் பிடித்தார்.

அதில் வேகம் முந்நூறு என்று போட்டிருந்தது. அவர் வாங்கியது அறுநூறு.

தலைக்குள் ரத்தம் ஏறியது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், ஒரு சந்தோஷமும் ஏறியது. தப்பு தன்னுடையது இல்லை. சாமான் விற்ற ரிச்சி தெரு உசேன் பாய் ஏமாற்றிவிட்டான். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்.

ரோசியிடம் சொல்லலாம் என்றால் அவள் வீட்டில் இல்லை. காலையில் பத்து மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு போனவள் இருட்டும் நேரத்துக்குத்தான் வந்தாள். மாதா கோயிலில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது, பிராசஸருக்கும் நவநாள் ஜெபம் வந்துவிட்டது என்று ஜெரியிடம் சொல்லிச் சிரித்தார்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உசேனின் கடைக்குப் போனார். அறுபது வயது மனிதர் உசேன். குரல் உயர்த்தத் தெரியாதவர். நான்கு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது அவர் முன்னால் பிராசஸரைப் போட்டு, கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார் அருள்பிரகாசம்.

உசேன் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பெட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"சார், இது நான் குடுத்த சரக்கு இல்ல. போர்டும் நம்முது இல்ல. யாரோ மாத்திட்டாங்க."

"என் வூட்டுக்குள்ள வந்து எவன் மாத்துவான்? ஆயிரம் பொட்டி நடுவுல என் பொட்டிய கண்ணக் கட்டிகினு எடுப்பேன் நானு. என்கிட்டயே கத வுடுறியா?"

உசேன் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு புது அறுநூறை எடுத்து நீட்டி, இதைப் போட்டுப் பாருங்கள், ஆனால் பெட்டியை ஒருநாள் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், போர்டு பழசாகத் தெரிகிறது, இந்தப் பிராசஸரைத் தாங்குமா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும் என்றார். விட்டால் மிச்சத்தையும் மாற்றிவிடுவாய் என்று சொல்லி, பிராசஸரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார் அருள்பிரகாசம். ஆட்டோவில் திரும்பும்போது போரில் ஜெயித்தவர் மாதிரி கால்மேல் கால் போட்டிருந்தார்.

வியாழக்கிழமையும் லீவு. புதியதை மாட்டினார். பொத்தானை அமுக்கினார்.

முதலில் ஒரு வாசனை வந்தது, கருவாடு தீய்ந்த மாதிரி. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் பெட்டிக்குள்ளிருந்து நீல நிறத்தில் புகை, அவசரமே இல்லாமல் எழுந்து, சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படம்வரை போயிற்று. ஜெரி ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தினான். போர்டு கருகியிருந்தது. உசேனின் பிராசஸரும் அதோடு போயிருந்தது.

அப்போதுதான் அவருக்குப் பட்டியல் ஞாபகம் வந்தது. நான்கு நாளில் முதல்முறையாக. நானூற்றுப் பன்னிரண்டு பேர். மச்சான் முகம் கண்முன் வந்தது. மச்சானுக்கு அடிக்கிற கை நீளம், கோபமும் நீளம். இருட்டும் நேரத்துக்கு வந்த ரோசி, கருகிய பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் சங்கத்துக்கு ஒரு எட்டு போய்வருகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டாள். வெறுங்கையோடு போகிறாள், தனக்காகத் தலைகுனிந்து நிற்கப் போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக 'என் மேலதான் தப்பு' என்ற வார்த்தையை வாயில் போட்டுப் பார்த்தார். புதுப் பல்செட் மாதிரி அது பொருந்தவில்லை. 'என் மேலயும் தப்பு' என்று மாற்றிப் பார்த்தார். கொஞ்சம் சுலபமாக இருந்தது. 'உசேன் மேலதான் தப்பு, நானும் கவனிச்சிருக்கணும்' என்றபோது கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அந்த வாக்கியத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு சங்கத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. கல்மண்டபத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிற மாயா இறங்கினாள். ரிக்‌ஷாக்காரர் போர்வையில் சுற்றிய ஒரு கனமான சாமானை உள்ளே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

மாயா தரையில் பரப்பிக் கிடந்த திருகாணிகளையும், கீறல் விழுந்து கருகிக் கிடந்த போர்டையும் பார்த்தாள். அருள்பிரகாசம் முந்திக்கொண்டு, இந்தப் பெட்டி இனி பிழைக்காது, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று விளக்க ஆரம்பித்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பரவால்ல சார், அது எங்க இன்ஸ்டிடியூட்ல ஒரு வருசமா செத்துத்தான் கெடந்துச்சு, ஒங்க பொட்டிய எங்ககிட்ட உட்டுட்டு அத்த தூக்கினு வரும்போதே ரோசிக்கா சொன்னாங்க, 'லிஸ்டு முடியற வரிக்கும் அவருக்குப் பிரிக்க ஒண்ணு வோணும்'னு."