ஞாயிறு வரைக்கும்தான்

மைத்துனன் கொடுத்த எண் கதவைத் திறக்கவில்லை.

மூன்று, எட்டு, ஒன்று, ஆறு. கட்டக்காரர் நான்கு தடவை அழுத்திப் பார்த்தார். நான்கு தடவையும் பூட்டு சிவப்பு விளக்கைக் காட்டிக் கீச்சென்று கத்தியது.

கட்டக்காரர் என்பது கண்ணாடிக் கடையில் அவருக்கு வைத்த பெயர். கடையில் லென்ஸ் அளவு பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் கட்டத்தில் எண் நிரப்பும் சுடோகு. வருடாந்தரப் போட்டியில் ஒன்பது வருடமாக இரண்டாம் இடம். மூளை குறைச்சல் இல்லை, கையெழுத்துதான் சனியன். அவசரத்தில் அவர் எழுதும் ஒன்றும் ஏழும் ஒரே அச்சாக இருக்கும். தான் எழுதிய ஏழைத் தானே ஒன்று என்று படித்து, கடைசிக் கட்டத்தில் கவிழ்வார்.

"இந்தத் தடவையும் ரெண்டுன்னா பென்சிலையெல்லாம் மூட்டை கட்டிடணும். பிள்ளைங்க உங்க முகத்தையே மறந்துட்டாங்க," என்று மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஆனாலும் நல்லவள். வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் பேசி, பூட்டிக் கிடந்த அவன் வீட்டை இரண்டு வாரப் பயிற்சிக்கு வாங்கிக் கொடுத்தாள். ஆறாவது மாடி, இடது பக்கக் கதவு. அந்த வீட்டை அவர் அதுவரை பார்த்ததில்லை.

லிஃப்டில் ஏறினால் யோசனை அறுந்துபோகும் என்று படியில்தான் வந்தார். மனசுக்குள் ஒரு கட்டம் ஓட, வாசல் தளத்தில் ஒன்று என்று தொடங்கி, ஆறு வந்ததும் நின்றார். சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள் என்று மாடி எண் பலகைகளைக் கழற்றியிருந்தார்கள்.

இன்னொருவர் என்றால் மைத்துனனுக்கு போன் செய்திருப்பார். ஒரு பூட்டுக்கு முன்னால் உதவி கேட்க கட்டக்காரருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொத்தான்களைப் பார்த்தார். இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது மட்டும் தேய்ந்திருந்தன. மாற்றி மாற்றி அடுக்கினால் இருபத்துநான்கு வகை. ஆறாவது தடவையில் கதவு திறந்தது.

"பய எண்ணை மாத்திட்டு மறந்திருக்கான்," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுத்தமான தரை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை பன்னிரண்டு கட்டம் போட்டார். பென்சில் சீவிய தூளை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். கீழே காவலாளி எழுந்து நின்றான்.

"மச்சினர் வீடு வசதியா இருக்கா சார்?"

"ரொம்ப அமைதியா இருக்குப்பா."

மறுநாள் வந்து பார்த்தால் தூளைக் காணவில்லை. தாறுமாறாகப் போட்டுவிட்டுப் போன பென்சில்கள் உயரவாரியாக அடுக்கியிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தார். இருக்கை லேசாகச் சூடாக இருந்தது.

அன்று பன்னிரண்டு கட்டத்தில் நான்கு தப்பு.

மைத்துனனுக்கு போன் போட்டார். "மாப்பிள்ளை, வீட்டுக்கு யாராவது வர்றாங்களா?"

"யாரு வரப்போறா அத்தான்? நான் கிளம்பி ஆறு மாசமாச்சு. வேற யாருக்கும் எண்ணே தெரியாது."

"குளியலறைச் சீப்புல இவ்வளவு நீளத்துக்கு முடி இருக்கே."

மைத்துனனுக்கு இருபத்தெட்டு வயதிலேயே தலை வழுக்கை.

"அத்தான், என் வீட்டுல சீப்பே கிடையாது," என்றான்.

கட்டக்காரர் எல்லாவற்றையும் முறையாகச் செய்கிற மனிதர். தாளில் கட்டம் போட்டு, திருடன், மனைவி, காற்று, எலி என்று எழுதி ஒவ்வொன்றாக அடித்தார். திருடன் பென்சில் அடுக்கமாட்டான். மனைவிக்கு அடுக்குகிற பழக்கமில்லை. எலி, காற்று இரண்டுக்கும் தலைமுடி கிடையாது. மிச்சம் இருந்த பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை.

கால் தடம் பார்க்கலாம் என்று, கிளம்பும்போது ரப்பர் துகளையும் பென்சில் தூளையும் தரையெங்கும் தூவிவிட்டு வந்தார். மறுநாள் தரை பளிச்சென்று துடைத்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. அறை முழுக்க ஆஸ்பத்திரி வாடை. மேஜையில் அவருடைய தாளின் ஓரத்தில், அவருடையது அல்லாத கையெழுத்தில், ஒரு வரி இருந்தது.

"யார் நீ?"

எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

"அந்த வீட்டுல பேய் இருக்கு," என்றார் மனைவியிடம்.

"அடிக்குதா?"

"இல்ல. தரை துடைக்குது."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு என்னங்க கஷ்டம்? இங்க உட்கார்ந்தா பிள்ளைங்க தாளைக் கிழிக்குதுங்கன்னு கத்தறீங்க. எழுதத் தெரிஞ்ச பேய்தானே, எழுதியே பேசிப் பாருங்க."

இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. வேறு வீடும் இல்லை. கட்டக்காரர் போனார். "யார் நீ?" என்பதற்குக் கீழே, "அதை நீ சொல். உனக்கு என்ன வேண்டும்?" என்று எழுதி வைத்தார்.

மறுநாள் பதில் இருந்தது. "நீ போக வேண்டும்."

அதற்குக் கீழே அவர் முந்தின நாள் போட்ட கட்டம். அதில் ஓர் எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தது: "இது ஒன்றா, ஏழா? இப்படி எழுதினால் உயிர் போகும்."

யார் உயிர் என்று அது சொல்லவில்லை. அந்த அறையில் உயிரோடு இருந்தது அவர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டார். பயத்தில் போட்ட கோடுதான். முதல் நாள் இரண்டு தப்பு குறைந்தது. மறுநாள் ஒரு தப்பும் இல்லை. ஒன்பது வருடத்தில் பன்னிரண்டு கட்டமும் சரியாக வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதார்.

பிறகு எழுதினார்: "ஞாயிறு வரை பொறுத்துக்கொள். அன்றைக்கு எனக்கு ஒரு காரியம் முடிய வேண்டும். முடிந்தால் எனக்கு விடுதலை. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

மறுநாள் மேஜையில் ஒரு டம்ளர் பால், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. பக்கத்தில், "சரி. ஞாயிறு வரைக்கும்தான். கோபப்பட வேண்டாம்."

குடிக்கலாமா கூடாதா என்று கால் மணி நேரம் யோசித்தார். குடிக்காவிட்டால் அது வருத்தப்படுமோ என்று குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் பால் வந்தது. முதுகுப் பக்கம் பார்க்காமல் உட்கார மட்டும் அவரால் முடியவில்லை. பக்கத்து அறையில் திரை அசைந்தால் பென்சில் முனை உடைந்தது. ஆனால் தாளில் ஒரு ஏழுகூடப் பிசகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் கடைசிக் கட்டத்தை முடித்துவிட்டு அவர் கையைத் தூக்கியபோது மண்டபத்தில் வேறு ஒரு கையும் எழவில்லை. நடுவர் தாளைச் சரிபார்த்துவிட்டு, "ஏழெல்லாம் ரொம்பத் தெளிவா இருக்கு சார்," என்றார். முதல் இடம். மனைவி எல்லார் முன்னாலும் அழுதாள். பிள்ளைகள் கோப்பைக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள்.

எல்லாரையும் வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கோப்பையோடு அவர் தனியாகப் படியேறினார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் எப்படி இருப்பது? மேஜையில் பால் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்தச் சீப்பைப் பார்த்த பிறகு முதல் தடவையாக அவருக்குப் பயம் தோன்றவில்லை. அது தனியாகத்தானே இருக்கிறது, பாவம் என்று தோன்றியது. நெஞ்சு நெகிழ்ந்துபோய், பெரிய எழுத்தில், ஏழு வரி எழுதி வைத்தார்.

திங்கட்கிழமை ஒரு புதுப் பென்சில் பெட்டியைப் பரிசாக வாங்கிக்கொண்டு போனார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மேஜை இல்லை, நாற்காலி இல்லை, திரை இல்லை. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வெறும் தரையின் நடுவில் அவர் எழுதிய தாள், நான்காக மடித்து, காற்றில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

நான்கு நான்கு படியாகத் தாவிக் கீழே வந்தார். "என் மச்சினன் வீட்டுச் சாமானெல்லாம் காணோம்ப்பா. மொத்தமா போயிடுச்சு."

காவலாளி பதறவில்லை. "உங்க மச்சினர் வீட்டை யாரும் தொடல சார். ஆறாவது மாடியில வெச்ச பூட்டு வெச்சபடியே இருக்கு, காலையிலகூடப் பார்த்தேன். காலியானது அஞ்சாவது மாடி நர்ஸம்மா வீடு. அவங்க ராத்திரி டூட்டிக்குப் போனதும், தினமும் ஒரு பேய் வந்து உட்கார்ந்து பென்சில் சீவுமாம். ஞாயிறோட போயிடறேன்னு சொல்லுச்சேன்னு பாவம் பால் எல்லாம் வெச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்க சார். நேத்து அது, 'உன்னை விட்டு இனி எங்கேயும் போகமாட்டேன், தினமும் வருவேன்'னு எழுதி வெச்சிடுச்சாம்."