இருபத்திரண்டாவது மைதானம்

கால்பந்து பார்க்க மைதானத்துக்குப் போகிறவர்கள் ஒரு ரகம். மைதானத்தைப் பார்க்கக் கால்பந்துக்குப் போகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்கு மைதானம் எண்ணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வட இங்கிலாந்தில் இருநூறு பேர் கூடும் எந்தச் சிற்றூர் மைதானத்துக்கும் ஒரு சனிக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள், ஒருவராவது தட்டுப்படுவார். எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். எந்த அணிக்கும் கை தட்டமாட்டார். தட்டினால் குறிப்பேடு கீழே விழுந்துவிடும்.

வேக்ஃபீல்டுக்காரர் நெவில் ஓல்ட்ராய்டு இந்த இனத்தின் அசல் மாதிரி. பேருந்துக் கழகத்தில் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடங்களாக அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை: இங்கிலாந்துக் கால்பந்து ஏணியில் எட்டாம் படியின் கிழக்குப் பிரிவில் உள்ள இருபத்திரண்டு மைதானங்களையும் ஒரே நேரத்தில் பார்த்து முடித்தவராக இருப்பது. இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? ஒவ்வொரு மே மாதமும் லீக் கமிட்டியார் ஓர் அறையில் உட்கார்ந்து, தேசப்படத்தின் மேல் அளவுகோலை வைத்து, இரண்டு மூன்று கிளப்புகளைக் கிழக்கிலிருந்து மேற்குக்கும், தெற்கிலிருந்து கிழக்குக்கும் நகர்த்திவிடுவார்கள். இருபத்தொன்றை எட்டும்போதெல்லாம் நெவிலின் கணக்கு இப்படித்தான் பதினெட்டுக்குச் சரிந்தது.

அவருடைய சட்டங்களும் லேசுப்பட்டவை அல்ல. ஆட்டம் தொடங்குமுன் உள்ளே இருக்க வேண்டும். அச்சடித்த ஆட்ட நிரல் கையில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு கோல், பந்து கோட்டைத் தாண்டுவதை அவர் தம் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். கோல் விழாத ஆட்டம் செல்லாது. இந்தச் சட்டங்களைப் போட்டது யார்? அவர். மீறினால் கேட்பது யார்? அதுவும் அவர்தான். அந்த நீதிபதியிடம் சிபாரிசு எடுபடாது.

இந்த வருடம் பாக்கி ஒன்றே ஒன்று. கடலோரத்து ஹோல்டர்விக். இரண்டு முறை போய்விட்டார். ஒரு முறை மூடுபனியில் ஆட்டம் நின்றது. இன்னொரு முறை அறுபத்திரண்டாம் நிமிடம் விளக்கு போய்விட்டது. ஆகவே ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, பருவத்தின் இறுதி ஆட்டத்துக்கு, மூன்றாம் முறையாகக் கிளம்பினார்.

வாசலில் சீட்டுக் கொடுப்பதும் உள்ளே தேநீர் ஊற்றுவதும் கிளப்பின் செயலாளர் வேலை பார்ப்பதும் பிரெண்டா என்ற ஒரே அம்மாள்.

"ஆட்ட நிரல் போன்லதான் வருது, கண்ணு."

"செவ்வாய்க்கிழமை போன் பண்ணினேனே, ஓல்ட்ராய்டு."

"ஓ, அச்சு நிரலும் ஒரு கோலும் வேணும்னது நீங்கதானா?" மேசைக்கு அடியிலிருந்து நான்கு தாள்களை எடுத்தாள். "இந்த ஊர்லயே ஒரே பிரதி. மை தீர்ந்துபோயி கடைசிப் பக்கம் கொஞ்சம் மங்கல்."

நெவில் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு சட்டம் நிறைவேறிவிட்டது. மிச்சம் ஒரு கோல்.

கோலுக்குத்தான் அன்று பஞ்சம். ஆட்டம் சமனில் முடிந்து ஆளுக்கொரு புள்ளி கிடைத்தால் இரு அணிகளும் பிரிவில் தங்கும். தோற்கிற அணி கீழ்ப் படிக்கு இறங்கும். இது இருபத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கும் தெரியும். பந்தை இடமிருந்து வலமாகத் தள்ளினார்கள், வலமிருந்து இடமாகத் தள்ளினார்கள், அலுத்தால் தங்கள் கோல் காவலனிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கூட்டமும் மனநிறைவோடு இறைச்சி அப்பம் கடித்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் உள்ளூர்க்காரர்கள், தங்கள் ஆட்கள் கோல் போட வேண்டிய பக்கத்தில் நிற்கும் மரபுப்படி, எதிர்க்கோடிக்கு இடம் மாறினார்கள். போடப்போவதில்லை என்று தெரிந்தும் மாறினார்கள். மரபு மரபுதானே.

நெவில் மட்டும் நடுக்கோட்டருகே நின்றார். எந்தப் பக்கம் விழுந்தாலும் பார்க்க வேண்டுமே. பக்கத்தில் கார்ட்ரைட் என்ற உள்ளூர்க்காரர். அவர் நாய்க்கு இடுப்பு வலி, அதனால் அவரும் இடம் மாறவில்லை.

எழுபதாம் நிமிடத்தில், முப்பத்தொரு வருடம் வாய் திறக்காத நெவில் வாய் திறந்தார். "அடிச்சுத் தொலைங்கடா."

கார்ட்ரைட் திரும்பிப் பார்த்தார். "பெருசு, நீங்க யாரு ஆளு?"

"யாரு ஆளும் இல்ல."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேரையும் திட்டுறீங்க?"

"ஒரே ஒரு கோல் போதும். யார் போட்டாலும் சரி."

"யார் போட்டாலும் சரியா? எங்க வலையில விழுந்தா நாங்க இறங்கிடுவோம்யா. இருபத்தாறு வருஷமா பல்லைக் கடிச்சிட்டு இந்தப் படியில நிக்கிறோம். எங்கப்பா சாம்பலை அந்தக் கோல் கம்பத்துக்குக் கீழதான் தூவியிருக்கு."

"எந்தக் கம்பம்?" என்று கேட்டார் நெவில், பேனாவைத் திறந்தபடி.

கார்ட்ரைட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாய்கூட ஓரடி தள்ளி உட்கார்ந்தது.

எண்பத்தொன்பதாம் நிமிடம். நெவில் பெருமூச்சுவிட்டு, குறிப்பேட்டில் '0–0. செல்லாது' என்று எழுதினார். எழுதியதன் கீழ் கோடு போடுவது அவர் வழக்கம். அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு சிறிய அளவுகோல் இருக்கிறது. அதை வைத்து, குனிந்து, கோட்டை இழுத்தார்.

பாதிக் கோட்டில் நாய் குரைத்தது.

நிமிர்ந்தார். பந்து ஹோல்டர்விக் வலைக்குள் கிடந்தது. கோல் காவலன் சேற்றில் உட்கார்ந்திருந்தான். அவன் உதைத்த பந்து சொந்தத் தடுப்பாட்டக்காரன் முதுகில் பட்டு வலைக்கே திரும்பியிருந்தது. உள்ளூர் கோலாக இருந்தால் கூட்டம் கத்தியிருக்கும், நெவில் தலை தூக்கியிருப்பார். இரு தரப்பும் திகைத்து நின்றுவிட்டதால் அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

கார்ட்ரைட் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். "பாத்தியா?" என்றார் கரகரத்த குரலில். "நீயே சொல்லு. இப்படியும் ஒரு கோல் விழுமா?"

இல்லை என்று சொன்னால் மைதானம் செல்லாது. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவும் முடியாது. இரண்டில் எந்தக் காரணம் முந்தியது என்று அவரைக் கேட்காதீர்கள்.

"பாத்தேன்," என்றார் நெவில்.

0–1. ஹோல்டர்விக் இறங்கியது. வாசலில் பிரெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்காவது கிடைச்சுதே, கண்ணு."

வீட்டில் அவர் மனைவி மியூரியல் கேக் ஒன்றில் 22 என்று எழுதி வைத்திருந்தாள். குறிப்பேட்டைப் புரட்டியவளின் கை ஓரிடத்தில் நின்றது. '0–0. செல்லாது' அடிக்கப்பட்டு, பக்கத்தில் '0–1' இருந்தது. முப்பத்தொரு வருடக் கோடுகளில் இது ஒன்று மட்டும் பாதியில் கோணி மேலே ஏறியிருந்தது.

"கோடு போடும்போதா விழுந்துச்சு?" என்றாள்.

நெவில் கேக்கைத் தொடவில்லை. மூன்று வாரம் சரியாகத் தூங்கவும் இல்லை. மே மாதம் கமிட்டி கூடி, ஹோல்டர்விக் போன இடத்தையும் சேர்த்து நான்கு இடங்களில் அவர் பார்த்தேயிராத நான்கு கிளப்புகளைப் போட்டது. கணக்கு மறுபடி பதினெட்டு. செய்தியைப் படித்துவிட்டு மேசையைத் தட்டிக் கமிட்டியை வாயார வைதார். அன்றிரவு குறட்டை விட்டுத் தூங்கியதாக மியூரியல் சொல்கிறாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று நடைக் கணக்கில் ஆயிரம் அடி குறைந்ததற்காக வீட்டுக்குள்ளேயே கைப்பேசியோடு நடந்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் நடுவில் ஒரு தடவை, இது முடிய இன்னும் எத்தனை பத்தி என்று கண்ணை ஓட்டினீர்களே, அந்த நேரத்தில்தான் கோல் விழுந்தது. பார்த்தீர்களா?