ஊர்க்காவலன் ஆம்புலன்ஸ் கேட்ட படலம்

வாழிய ஊர்க்காவலன்! கரிசல் ஈன்ற களிறே, கந்தகக் காற்றைக் குடித்து வளர்ந்த காளையே, இரு முறை தோற்றும் துவளாமல் மூன்றாம் முறை வென்று சட்டமன்றம் புகுந்த முயற்சித் திருவுருவே, கஞ்சி மடிப்புக் கலையாத வெண்வேட்டி வேந்தே, திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் காதணி விழாவிலும் ஒரே முகத்தோடு கும்பிடும் கைகளுக்கு உரியவரே, நீர் வாழிய! கற்றாழையும் கருவேலமும் காவல் நிற்கும் பொட்டலில் பிறந்து கடலோரக் கோட்டையில் போர்புரிந்த உமது வீரத்தைச் சொல்லத் தொடங்கும் இப்படலத்துக்கு, வெடிக்கடை வாசல்தோறும் வீற்றிருக்கும் பிள்ளையார் காப்பாக நிற்க.

போர் என்றால் காரணம் வேண்டும். காவியங்களில் பெண்ணோ மண்ணோ காரணமாகும். இங்கே காரணம் ஓர் ஆம்புலன்ஸ்.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் போகும் வழியில் சற்று உள்ளே தள்ளிக் கிடக்கும் முத்தாண்டிபட்டியில், சென்ற தீபாவளி சீசன் மும்முரமாக இருந்தபோது, பட்டாசுக் கம்பெனி ஒன்றின் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. வேலையில் இருந்த சங்கிலிமுத்துவை மூடை ஏற்றும் வண்டியில் கிடத்தி ஒரு வழியாகச் சாத்தூருக்குக் கொண்டுபோனார்கள். தொலைவிலிருந்து வரவேண்டிய ஆம்புலன்ஸ் இன்னொரு வழியாக ஊருக்குள் வந்து, ஆளைக் காணாமல் திரும்பிப் போனது. உயிர் தங்கியது. விரல்கள் மடங்காமல் இரண்டு கைகளும் விறைத்துப் போயின. அவருக்கு இப்போது சோறு ஊட்டிவிடுவது மனைவி அய்யம்மாள். அவருக்குப் பதிலாகக் கம்பெனிக்குப் போவது மகள் வேல்விழி.

அந்த அய்யம்மாள்தான் ஒருநாள் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

“எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்யா. வண்டி ஒண்ணு நம்ம ஊருலயே நிக்கணும். சட்டசபையில எந்திரிச்சு அத மட்டும் கேட்டுருங்க. கேப்பீகளா?”

“கேக்காம? அதுக்குத்தான ஆத்தா என்னைய அங்கன அனுப்பி வச்சிருக்கீக” என்றார் ஊர்க்காவலன். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது, அதில் நடிப்பில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் இந்தக் கதை எவ்வளவோ சுலபமாகியிருக்கும்.

அன்று முதல் போர் ஆயத்தங்கள் தொடங்கின. தளபதியின் பெயர் செல்வக்குமார்; உதவியாளர், ஓட்டுநர், அலைபேசி ஏந்தி, மாலை வாங்கி எனப் பல பட்டங்களை ஒரு சம்பளத்தில் தாங்குபவர். அவர் முதல் வேலையாகச் சிவகாசிக்கு விரைந்து நன்றிச் சுவரொட்டிக்கு ஆர்டர் கொடுக்கப் போனார். பிள்ளை பிறக்கும் முன்பே காதுகுத்துப் பத்திரிகை அடித்துத் தரக்கூடிய ஊர் அது. ஆனாலும் அச்சக வாசலில் நின்றபோது செல்வக்குமாருக்கே ஒரு தயக்கம் வந்தது.

“அண்ணே, இன்னும் நீங்க பேசவே இல்லையே. அதுக்குள்ள நன்றின்னு அடிக்கலாமா?” என்று போனில் கேட்டார்.

“பேசிட்டு வந்து அடிக்கலாம்னா அப்ப காலண்டர் லோடு வந்துரும்லே. பிரஸ்காரன் நம்ம மூஞ்சியவே பாக்க மாட்டான். இப்பவே அடி.”

அடிக்கப்பட்டது. ‘முத்தாண்டிபட்டிக்கு ஆம்புலன்ஸ் தந்த முத்தமிழ் முரசே’ என்ற முழக்கத்தின் கீழ், ஊர்க்காவலன் ஒருபுறமும் ஆம்புலன்ஸ் மறுபுறமும் சரியாசனத்தில் வீற்றிருந்தார்கள். படம் இணையத்தில் எடுத்தது. ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊர் மந்தை வரைக்கும் பாம்பெனச் சரவெடி விரிக்கவும் ஏற்பாடாயிற்று. அண்ணன் பேச எழுந்ததும் செல்வக்குமார் போன் செய்வார், சரம் கொளுத்தப்படும், சுவரொட்டி ஒட்டப்படும் என்பது போர்த்திட்டம்.

குறித்த நாளும் வந்தது. பகைவர் கோட்டைக்குள் புகும் மன்னரைப் பாடியிருக்கிறார்கள். தம் கட்சியே ஆளும் கோட்டைக்குள் நெஞ்சு படபடக்கப் புகுந்தவரை இனித்தான் பாட வேண்டும். அங்கே அவர் இதுவரை ஆற்றிய வீரச்செயல்களாவன: மேசை தட்டியது, வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்றது, உணவு இடைவேளையை ஒருநாளும் தவறவிடாதது. இன்று கொறடா மனமிரங்கி ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். வாழ்த்துக்குக் கொஞ்சம், வண்டிக்கு மிச்சம் என்று பகுத்துக்கொண்டு, விடுதிக் குளியலறைக் கண்ணாடியை எதிரியாக நிறுத்தி அதிகாலை முதல் வாள் சுழற்றிவிட்டு வந்திருந்தார்.

ஆனால் விதி, பக்கத்துத் தொகுதி உறுப்பினரின் வடிவில் அவருக்கு முன்பாக எழுந்து நின்றது. அவரும் ஆளுங்கட்சிக்காரர்தான். கட்சித் தலைவரைக் கதிரவன் என்றார், கடல் என்றார், கார்மேகம் என்றார், கதிரவனும் கடலும் கார்மேகமும் கைகட்டி நிற்கும் தலைவாசல் என்றார். தலைவர் சற்றே புன்னகைத்தார். அந்தப் புன்னகை ஊர்க்காவலனின் மார்பில் வேலாகப் பாய்ந்தது. இவன் கடல் வரைக்கும் போய்விட்டான், நாம் வெறும் வணக்கம் சொன்னால் அடுத்த முறை சீட்டு யாருக்கு என்று அவர் மனம் கணக்குப் போட்டது. வாழ்த்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம், வண்டிக்கு எம்புட்டு நேரம் வேணும், ஒரு வாக்கியம்தானே என்று தமக்குத்தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

எழுந்தார் ஊர்க்காவலன். ஒலிவாங்கி சிவந்தது, செல்வக்குமாரின் போன் பறந்தது, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் சரத்தின் திரி பற்றியது. கம்பி மத்தாப்பின் பொறி ஒவ்வொன்றும் எங்கள் தலைவரின் புன்னகை என்றும், சங்குசக்கரத்தின் சுழற்சி எங்கள் தலைவரின் ஓயாத சுற்றுப்பயணம் என்றும், விண்ணேறி வெடித்து ஏழு வண்ணம் சொரியும் வாணம் எங்கள் தலைவரின் திட்டங்கள் என்றும், தரைச்சக்கரம் முதல் தாமரை மத்தாப்பு வரை தொகுதியின் சரக்கு முழுவதையும் அவையில் கொட்டி அவர் முழங்க முழங்க, ஆளும் வரிசை மேசைகள் அதிர்ந்தன. தலைவர் இம்முறை பல் தெரியச் சிரித்தார். கதிரவனும் கடலும் சொன்னவர் முகம் சுண்டிப்போய்க் குனிந்துகொண்டார்.

அடித்தது முதல் மணி.

நன்றி நவிலும் படை இன்னும் களமிறங்கவே இல்லை. தலைவருக்கு, துறை அமைச்சருக்கு, அவை முன்னவருக்கு, கொறடாவுக்கு என்று படிவரிசை பிசகாமல் வணங்கி வந்த வீரர், திடீரென்று வெலவெலத்துப் போனார். மாவட்டச் செயலாளரை விட்டுவிட்டார். எமனை மறந்தவன்கூட நாலு நாள் கூடுதலாக இருந்துவிட்டுப் போகலாம். மாவட்டச் செயலாளரை மறந்தவனால் ஊருக்குள் பேனர்கூடக் கட்ட முடியாது. ஆகவே வில்லைத் திரும்ப வளைத்து, தலைவரிடமிருந்தே தொடங்கி, இம்முறை மாவட்டச் செயலாளரை அமைச்சருக்கு அடுத்த இடத்தில் பத்திரமாக அமர்த்தி, நன்றியை இரண்டாம் முறையும் சொல்லி முடித்தார்.

அடித்தது இரண்டாம் மணி. “உறுப்பினர் முடிக்க வேண்டும்” என்றார் பேரவைத் தலைவர்.

அந்தக் கணத்தில்தான் ஊர்க்காவலனுக்கு அய்யம்மாள் நின்ற நிலை கண்ணில் வந்தது. உட்காராமல் நின்றாளே என்று நினைத்தார். “ஒரே ஒரு கோரிக்கை, பேரவைத் தலைவர் அவர்களே. எங்கள் முத்தாண்டிபட்டிக்கு ஒரு...” என்றார். ஒலிவாங்கியின் சிவப்பு அணைந்தது. ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று வெறுங்குரலில் அவர் கத்தியதை முடிவுரையின் உணர்ச்சிப் பெருக்காக எடுத்துக்கொண்ட தோழர்கள், மேசைகளைத் தட்டித் தட்டி அந்தச் சொல்லை நசுக்கிக் கொன்றார்கள். துறை அமைச்சர் எழுந்து, உறுப்பினர் கேட்டது அரசின் பரிசீலனையில் இருக்கிறது என்றார். உறுப்பினர் கேட்டது என்ன என்பது அவருக்கும் தெரியாது.

வெற்றி வீரர் ஊர் திரும்பினார். சரம் வெடித்த சிவப்புத் தாள் தெருவை மூடிக் கிடந்தது. சுவர்தோறும் அவரும் ஆம்புலன்ஸும் சிரித்தார்கள். மாலைகள் விழுந்தன, குலவை எழுந்தது, யாரோ வீரவாள் கொடுத்தார்கள். ஆரவாரம் சற்று அடங்கியபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அய்யம்மாள் வந்தாள். பின்னால் சங்கிலிமுத்து நின்று, சேராத இரண்டு கைகளையும் சேர்க்கப் பார்த்துக் கும்பிட்டார்.

“போஸ்டர் பாத்தோம்யா. மனசு நெறஞ்சு போச்சு. படத்துல இருக்கற வண்டி எப்பய்யா வரும்?”

கேட்கவில்லை ஆத்தா, கேட்பதற்குள் மணியடித்துவிட்டது என்று சொல்ல நினைத்து ஊர்க்காவலன் வாயையும் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். மாலை போட்டவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டச் செயலாளரும் ஒரு நாற்காலியில் இருந்தார்.

“போஸ்டரே வந்துருச்சு ஆத்தா. வண்டி வராமயா போயிரும்?” என்றார்.

“சரிய்யா. அது வர வரைக்கும் சூதானமா இருந்துக்கிடுதோம்” என்றாள் அய்யம்மாள்.

இவ்வாறாக, மணியை வென்று, கதிரவனையும் கடலையும் வென்று, மறந்த பெயரை மீட்டு, தலைவரின் திருப்பற்களைத் தரிசித்து, அடுத்த தேர்தலுக்கான ஆசனத்தை இந்தத் தேர்தலின் ஆசனத்தில் இருந்தபடியே கைப்பற்றிய கரிசல் களிறு, வீரவாளைக் காரின் பின்சீட்டில் கிடத்தி, அடுத்த ஊர் வரவேற்பை நோக்கிப் புழுதி பறக்கப் புறப்பட்டது.

மறுநாள் காலையில் வேல்விழி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போனாள்.