பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றில் நிறைவாழ்வு

தொழிற்கல்விப் பகுதிநேர ஆசிரியர்களுக்கு வழங்கப்படும் ஊதியம் போதுமானதா, மிகையானதா என்று கண்டறியக் கள ஆய்வு ஒன்று நடத்த வேண்டுமென மேலிடத்தில் முடிவானது. போதாமலும் இருக்கலாம் என்ற மூன்றாவது சாத்தியம் சுற்றறிக்கையில் இல்லை. தாளில் இடம் இருந்திருக்காது.

ஆய்வுக்குத் தேர்வான வீடு சம்பங்கி வாத்தியாருடையது. ஓசூரில் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேத் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பதினோரு வருஷ அனுபவம், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு சம்பளம். வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் வேலை என்று உத்தரவில் இருக்கிறது. உத்தரவில் இல்லாத நாட்களில் பள்ளியின் தண்ணீர் மோட்டாரையும் தலைமையாசிரியரின் ஸ்கூட்டரையும் பழுது பார்ப்பார். அவரிடம் படித்துப் போன பிள்ளைகள் ரோட்டில் பார்த்தால் பைக்கை நிறுத்தி டீ வாங்கிக் கொடுப்பார்கள். காசு கொடுக்க இவர் பையில் கைவிட்டால், "விடுங்க சார், உங்க சம்பளம் எங்களுக்குத் தெரியாதா" என்பார்கள்.

"சம்பளம் ஏத்தத்தான் வர்றாங்க அனிதா. வீடு பார்க்கப் பரிதாபமா இருக்கணும்" என்றார் மனைவியிடம்.

"வீட்டுக்கு வர்ற மனுஷங்க முன்னாடி பிச்சைக்காரி மாதிரி என்னால நிக்க முடியாதுங்க" என்றாள் அனிதா.

இருவரும் அவரவர் கொள்கைப்படி நடந்துகொண்டார்கள். சம்பங்கி தங்கள் ஃப்ரிட்ஜை எதிர்வீட்டுக் கௌஸ் மொய்தீன் பாயிடம் ஒளித்து வைக்கத் தூக்கிப் போனார். அனிதா அதே பாய் வீட்டுச் சோபாவை இரவல் வாங்கித் தூக்கி வந்தாள். இரண்டும் நடைபாதையில் முட்டிக்கொண்டு, கால் மணி நேரம் எதுவும் எந்தப் பக்கமும் போகவில்லை. பாயின் மனைவி சுக்ரா சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டாள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஆய்வு அலுவலர் சிவராஜ் வாடகைக் காரில் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். சோபாவில் சாய்ந்து கேசரியை வாங்கிக்கொண்டார்.

"வருஷம் முழுக்கச் சம்பளம் வருதா?"

"மே மாசம் கிடையாதுங்க சார். பள்ளிக்கூடம் லீவு."

"மே மாசம் சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவோங்க சார்."

"தினமுமா?"

"பசி லீவு விடாதுங்க சார்" என்றாள் அனிதா.

சிவராஜ் குறித்துக்கொண்டார். "மாசக் கடைசியில பத்தலேன்னா?"

"கடன் வாங்குவேங்க சார்."

"கேட்டா குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க சார்."

"நல்லது" என்று அதையும் குறித்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கேசரி கேட்டார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. 'மே மாதத்தில் ஊதியமின்றியும் பயனாளி உயிருடன் இருப்பதால், ஊதியத்துக்கும் உயிருக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. இல்லத்தில் சோபா உள்ளது. கேசரியில் முந்திரி உள்ளது. குளிர்சாதனப் பெட்டியின்றி வாழும் பக்குவம் பெற்றுள்ளார். கேட்ட இடத்தில் கடன் கிடைப்பதால் சமூக நன்மதிப்பு மிக நன்று. ஊதிய உயர்வு அளித்து இந்நிறைவாழ்வைக் குலைக்க வேண்டியதில்லை.'

மாறாக அவருக்குச் 'சிக்கன முன்மாதிரி' என்ற பட்டம் தரப்பட்டது. கிருஷ்ணகிரிக்கு வந்து நிரந்தர ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் வாழும் வழியை விளக்க வேண்டும். பயணப்படி நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்.

சம்பங்கி சொந்தக் காசில் பஸ் ஏறிப் போனார். பதினோரு வருஷ வயிற்றெரிச்சலை மேடையில் அப்படியே கொட்டினார். தக்காளி விலை ஏறினால் புளிக்கு மாறுவதையும், காய்ச்சல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போடுவதையும் சொல்லச் சொல்ல, மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மாதம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வாங்கும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கெல்லாம் பத்தவே மாட்டேங்குது சார், எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இதைக் கேள்விப்பட்டு அவரைப் பேசக் கூப்பிட்ட, கர்நாடக எல்லையோர அத்திப்பள்ளி அபார்ட்மென்ட்காரர்கள், இதற்குப் பெயர் மினிமலிசம், பெங்களூரில் இதுதான் இப்போது ஃபேஷன் என்று அவருக்கே விளக்கினார்கள்.

அடுத்து வந்தது ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றிலிருந்து போன். பேசியவர் எச்.ஆர். அலுவலர் ஹரீஷ்குமார். ஒப்பந்தத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்கிறார்களாம். வாத்தியார் வந்து ஒரு மணி நேரம் சிக்கனம் பற்றிப் பேசினால் ஐயாயிரம்.

சம்பங்கிக்கு மனசு உறுத்தியது. ஐயாயிரம் என்றதும் உறுத்தல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தது. போனார்.

ஷெட்டில் இருநூறு பேருக்கு மேல். நன்றாகத்தான் பேசினார். முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஜைபா. நாலு வருஷத்துக்கு முன் அவரிடம் லேத் கற்றவள்.

"சார், இப்படி ஒரு மணி நேரம் பேச உங்களுக்கு எவ்வளவு சார்?"

"அது கான்ஃபிடென்ஷியல்மா" என்றார் ஹரீஷ்குமார்.

வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பொய் சொல்லிச் சம்பங்கிக்குப் பழக்கமில்லை. முகம் சிவந்தது. "ஐயாயிரம்மா" என்றார்.

"எங்களுக்குப் பத்து நாள் கூலி சார் அது!"

"தெரியும்மா. வாழ்ந்து காட்டினா யாரும் குடுக்கறதில்ல. எப்படி வாழுறதுன்னு சொன்னாத்தான் குடுக்கறாங்க."

எங்கோ பின்னால் ஒருவர் சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவி, கடைசியில் சம்பங்கியும் மைக்கைப் பிடித்தபடி சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை யாரும் சம்பள உயர்வு கேட்கவில்லை. எச்.ஆர். மேஜையில் இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. 'சிக்கனமாக வாழ்வதில் போதிய முன் அனுபவம் இருப்பதால், மணிக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு உரையாளராக நியமிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.' முதல் கையெழுத்து ஜைபாவுடையது.

ஹரீஷ்குமார் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, பரிந்துரைக் கடிதம் இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பதின்மூன்று இருந்தன. கடைசி விண்ணப்பம் ஹரீஷ்குமாருடையது. அவரும் ஒப்பந்தம்தான்.