என் மாமனாரின் ஸ்டேஷன் வேகன் எட்டடி நகர்ந்த வரலாறு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம்; அதாவது, என் இடதுகைக் கட்டைவிரல் நீங்கலாக எல்லாம் நலம். உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் நீ எழுதிய நான்கு வரிக் கடிதம் கிடைத்தது. "அப்பாவின் வண்டி ஓடும் நிலைக்கு வந்தால் சொல்லுங்கள், பார்க்க வருகிறேன்" என்று எழுதியிருந்தாய். வண்டி ஓடுகிறது. இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நான் இருபத்தெட்டு வருடம் ஆவண அறையில் வேலை பார்த்தவன். பின்னணி சொல்லாமல் ஒரு தகவலைக் கொடுக்க எனக்குக் கை வராது.

உன் அப்பா காலமானதிலிருந்து ஆறு வருடமாக அந்த ஸ்டேஷன் வேகன் ஷெட்டில் நின்றது உனக்குத் தெரியும். நீ இந்தப் பக்கம் வராததும் அதே ஆறு வருடம்தான். நான் ஓய்வு பெற்ற மறுநாள் அதன் பானெட்டைத் திறந்தேன். திரும்ப மூட முடியவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி, கீழே படுத்துப் பார்த்து, எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "சார், இதுக்குப் பார்ட்ஸ் எந்தக் கடையிலயும் கிடைக்காது. இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கி, அதுல இருக்கறதைக் கழட்டி இதுல மாட்டணும்" என்றார். உறுப்பு தானம் மாதிரிதான் என்று உன் அக்காவுக்கு விளக்கினேன். "செத்தவங்க குடுக்கறது சரிங்க. செத்தவங்களுக்குப் போய் யாராவது குடுப்பாங்களா?" என்று கேட்டாள். நான் வண்டி தேடக் கிளம்பிவிட்டேன்.

முதல் தான வண்டி ஒரு லாரியில் வந்து இறங்கியது. மாடல் அதேதான், நிறமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பின் சீட்டில் மூன்று கோழிகள் இருந்தன. விற்றவர் கோழிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டை அவர் வந்து பிடித்துக்கொண்டு போனார். மூன்றாவது போக மறுத்துவிட்டது. அந்த வண்டியை உன் அப்பா வண்டிக்குப் பக்கத்தில், சரியாக எட்டடி தள்ளி நிறுத்தினேன். பிறகு பார்த்தால் அதன் இன்ஜினில் உயிரே இல்லை. இன்ஜினுக்காக இரண்டாவது தான வண்டி வாங்கப் போனோம். வந்தது முன்பாதி மட்டும். பின்பாதியில் யாரோ முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார்களாம், காலி செய்ய மாட்டேன் என்கிறார்களாம். அந்தப் பாதியைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியேதான் வைக்க முடிந்தது. அன்றிலிருந்து உன் அக்கா, "எனக்கு ரெண்டரை சக்களத்தி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் மறுக்கவில்லை, கணக்கு சரிதான்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். ஆவண அறையில் ஒரு கோப்பை எடுத்தால், அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது. அதைத் தரையில் போடுவதோ மகா பாவம். அந்தப் பழக்கத்தில், உன் அப்பா வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் கீழே வைக்காமல், கோழி வண்டியில் அதே இடத்தில் கொண்டுபோய் மாட்டிவைத்தேன். தொலையாமல் இருக்குமே என்றுதான். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டினேன். அங்கிருந்து நல்ல கதவு இங்கே வந்தது, இங்கிருந்த துருப்பிடித்த கதவு அங்கே போனது. சீட்டுகள், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், டிக்கி, எல்லாம் இப்படியே. பாடியை மாற்ற நான்கு பேர் வந்தார்கள், என் கட்டைவிரலும் அன்றைக்குத்தான் நசுங்கியது. கடைசியாக, சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் விரிசல் என்று அதையும் மாற்றினோம். முன்பாதி வண்டியின் இன்ஜினைப் பொருத்தினோம். சாவியைத் திருப்பினேன், வண்டி உறுமியது. உன் அக்கா ஓடிவந்து வாசலில் நின்று அழுதாள். நானும் அழுதேன், புகையும் ஒரு காரணம். மறுநாள் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த வண்டியையும் அந்த அரை வண்டியையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

அடுத்த வாரம் மெக்கானிக் வந்தார். ஷெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கதவு மாத்தினோமா?"

"மாத்தினோம்."

"பாடி?"

"மாத்தினோம்."

"சேசிஸையும் மாத்திட்டோம். அப்போ இங்க நிக்கறது அந்தக் கோழி வண்டிதானே சார்? அப்பா வண்டியைத்தான் இரும்புக்கு அனுப்பிட்டீங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு மாதம் உழைத்து, இரண்டு வண்டிகளையும் ஆளுக்கு எட்டடி நகர்த்தியிருக்கிறேன். நான்கு பேர் சேர்ந்து தள்ளியிருந்தால் கால்மணி நேர வேலை. கோழிக்கு மட்டும் இது முன்பே தெரிந்திருந்தது. வண்டி முடிந்த அன்றே புதிதாகத் துணி போட்ட பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இரும்புக்காரரிடம் ஓடினேன். உன் அப்பா வண்டியை அவர் ஏற்கெனவே துண்டு போட்டு அனுப்பிவிட்டார்.

உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவள் அந்த வண்டியைத் துடைக்கிறாள். நேற்று ஸ்டியரிங்கைத் தொட்டு, "அப்பா கை பட்டது" என்றாள். எனக்குத் தெரிந்து அதில் பட்டதெல்லாம் கோழிதான். உன் பழைய அறையைப் பெருக்கி, மெத்தை உறையை மூன்று தடவை மாற்றிவிட்டாள். உன்னைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நீ வந்ததும் வண்டியைச் சுற்றிப் பார்த்து, அக்கா காதில் விழும்படி, "அப்பா வண்டி அப்படியே இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உண்மை தெரிந்து நீ வராமல் இருந்துவிடுவாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், பொய் சொல்லி உன்னை வரவழைக்க மனம் ஒப்பவில்லை. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க எங்கள் ஆசிகள். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. உங்க அத்தான் எழுதற லெட்டரையெல்லாம் படிச்சுப் பார்த்து உறையில போடறது நான்தான்னு அவருக்கே மறந்துபோச்சு. அது கோழி வண்டின்னு எனக்கு அப்பவே தெரியும். கட்டைவிரலை நசுக்கிக்கிட்டு இவ்வளவு பாடுபட்டாரே, பாவம்னுதான் தினமும் துடைச்சேன். அப்பா கைன்னு சொன்னதும் அவருக்காகத்தான். இன்னைக்குக் காலையில இவர் உள்ள உட்கார்ந்து இதை எழுதிக்கிட்டிருந்தப்போ, மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டியை அவரே வச்சுக்கட்டும்னு ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன். கோழியும் கூடவே போயிடுச்சு. இவர் இன்னும் ஷெட் பக்கம் போகல. நீ வண்டியைப் பார்க்க வர்றேன்னு எழுதியிருந்தே. பார்க்க வண்டி இல்ல. நான் இருக்கேன். அப்பா போனப்புறம் இந்த வீட்டுக்கு வர உனக்கு மனசு வரலைன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு வண்டியைச் சாக்குச் சொல்றே? அதுல ஏறினாலே வாந்தி எடுப்பே, நான்தான் துடைப்பேன். பேசாம பஸ்ஸுல வா. ஜன்னல் பக்கமா உட்காரு.